சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் பி.சி.ஜி.: தடுப்பாற்றல் எதிர்வினை

தசை அடுக்கை எட்டாத, ஆனால் திரும்ப வரும் ஆபத்து மிகுந்த சிறுநீர்ப்பைப் புற்றுநோயில், கட்டியைச் சுரண்டி அகற்றியபின் பி.சி.ஜி. நுண்ணுயிரி வடிகுழாய் வழியே பைக்குள் செலுத்தப்படுகிறது. காசநோய்த் தடுப்பூசியில் உள்ள அதே வலுக்குன்றிய, உயிருள்ள நுண்ணுயிரிதான் இது. கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அல்வாரோ மொராலெஸ் குழுவினர் ஒன்பது நோயாளிகளிடம் கண்ட பலனை 1976-இல் வெளியிட்டனர். வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் என்ற அவர்களது முறையே இன்றும் தொடக்கச் சிகிச்சை.

நுண்ணுயிரி, ஃபைப்ரோநெக்டின் புரதத்தின் துணையோடு பையின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அதை உள்வாங்கிய செல்கள் இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 முதலிய சைட்டோகைன்களை (செல்களுக்கிடையேயான சமிக்ஞைப் புரதங்களை) சுரக்கின்றன. இவற்றால் ஈர்க்கப்பட்டு முதலில் திரளும் தடுப்பாற்றல் செல்கள் நியூட்ரோஃபில்கள்; மேக்ரோஃபேஜ்கள், இயற்கைக் கொல்லி செல்கள், டி-செல்கள் பின்தொடர்கின்றன. இவற்றுள் சிடி4 வகை டி-செல்களின் பங்கு பெரிது: இவை இன்டர்ஃபெரான்-காமா சுரக்கும் திசையில் சாய்ந்தால் புற்றுசெல்கள் தாக்கப்படுகின்றன, இன்டர்லூக்கின்-10 ஓங்கினால் எதிர்வினை மந்தமாகிறது. சைட்டோகைன்களைச் சிறுநீரிலேயே அளந்துவிடலாம் என்பது ஆய்வாளர்களுக்கு வசதி.

சிகிச்சைக்குப் பின் வரும் நீர்க்கடுப்பு, அடிக்கடி சிறுநீர் கழித்தல், லேசான காய்ச்சல் ஆகியவை பெரும்பாலும் இந்த எதிர்வினை உண்டாக்கும் அழற்சியின் விளைவே. அரிதாக நுண்ணுயிரி உடலெங்கும் பரவினால் காசநோய் மருந்துகள் தேவைப்படும். ஆனால் அவற்றுள் ஒன்றான பைராசினமைடு இந்த நுண்ணுயிரிக்கு எதிராகப் பயன்தராது.

சிலரிடம் புற்றுசெல்கள் பிடி-எல்1 புரதத்தைக் காட்டி டி-செல்களை அடக்குகின்றன. பி.சி.ஜி.க்குப் பலன் காணாத சில நோயாளிகளுக்கு, இத்தடையை விலக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தை அமெரிக்கா 2020-இல் அனுமதித்தது.