ஆட்டை மயக்கும் ஊசி: இரண்டு மருந்துகள் ஒன்று சேர்ந்த கதை

ஆடு வளர்க்கும் வீடுகளில், கால் முறிந்த ஆட்டையோ குட்டி ஈன முடியாத ஆட்டையோ டாக்டர் ஊசி போட்டு மயக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஊசிக்கும் ஒரு வரலாறு உண்டு.

1846-இல் பாஸ்டன் நகரில் ஈதர், 1847-இல் எடின்பரோவில் குளோரோஃபார்ம் என்று மனிதருக்கு மயக்க மருந்து வந்தது. ஆனால் ஆடு அசைபோடும் பிராணி. மயங்கிப் படுத்தால் வயிற்றுக் காற்று வெளியேறாமல் உப்பும். தீனி எதுக்களித்து மூச்சுக்குழாயில் இறங்கும்.

திருப்பம் 1962-இல் வந்தது. ஜெர்மனியின் பேயர் கம்பெனி, மனிதரின் ரத்த அழுத்தத்தைக் குறைக்க சைலசின் என்ற மருந்தைக் கண்டுபிடித்தது. அது அழுத்தத்தை அளவுக்கு மீறிக் குறைத்து ஆளையும் மயக்கியதால் கால்நடை மருந்தாகிவிட்டது. அதே ஆண்டு அமெரிக்காவில் பார்க் டேவிஸ் கம்பெனிக்காக கால்வின் ஸ்டீவன்ஸ் கெட்டமினை உருவாக்கினார். 1970-இல் அது மனிதருக்கு அனுமதி பெற்றது.

கெட்டமின் வலியை மறக்கடிக்கும். ஆனால் தனியாகக் கொடுத்தால் தசை விறைக்கும். சைலசின் தசையைத் தளர்த்தும். ஒன்றின் குறையை மற்றொன்று தீர்ப்பதால் இரண்டையும் சேர்த்தார்கள். மியூனிக் நகரின் ஹெல்லாபுருன் மிருகக்காட்சி சாலையில் உருவான கலவை புகழ்பெற்றது: ஒரு மில்லியில் சைலசின் 125 மில்லிகிராம், கெட்டமின் 100 மில்லிகிராம். அளவு சிறியது என்பதால் ஊசித் துப்பாக்கியில் அடைத்து, விலங்கைத் துரத்திப் பிடிக்காமல் எட்ட நின்றே மயக்க முடிந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சைலசினைக் குதிரை தாங்கும்; ஆடு தாங்காது. எடைக்கு எடை பார்த்தால், குதிரைக்குக் கொடுப்பதில் பத்தில் ஒரு பங்கே ஆட்டுக்குப் போதும். கொஞ்சம் கூடினாலும் மூச்சுத் திணறும். நிறைசினை ஆட்டுக்கு டாக்டர்கள் இதைத் தவிர்ப்பார்கள். சைலசினுக்கு யோஹிம்பின் போன்ற மாற்று மருந்து உண்டு. கெட்டமினுக்கு அப்படி ஒன்று இல்லை.

மனிதருக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட அதே சைலசின், இன்று அமெரிக்காவில் போதைப்பொருளில் கலந்து உயிர்களைப் பறிக்கிறது. 2023-இல் அந்நாட்டு அரசு அதைப் புதிய ஆபத்து என்றே அறிவித்தது.

ஆகவே, "போன தடவை டாக்டர் போட்டதுதானே" என்று யாரும் தாமாக ஊசி போடாதீர்கள். ஆட்டின் எடையையும் சினையையும் டாக்டரிடம் சரியாகச் சொல்லுங்கள். தீனியை நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். ஆடு எழுந்து நிற்கும் வரை பக்கத்திலேயே இருங்கள்.