கோதை சென்ற வழி

இராசபாளையத்தினின்று வடகிழக்கே ஏறத்தாழ 12 கி. மீ. செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலை இடப்புறம் உடன்வர, திருவில்லிபுத்தூர்ப் பதினோரு நிலைக் கோபுரம் தொலைவிலேயே புலப்படத் தொடங்குகின்றது. ஆண்டாள் வரலாறு எனப் பின்னையோர் வழங்கும் கதையை ஆராயப் புகுந்த யாம், நூல்களோடு அக்கதை நிகழ்ந்ததாகக் கூறப்படும் நிலத்தையும் ஒரு சான்றாகக் கொண்டு இவ்வழியே சென்றோம். நிலம் கூறுவதெல்லாம் மெய் என்பது எம் கருத்தன்று. ஏடுகளைப் போன்றே நிலத்திற்கும் பாடவேறுபாடு உண்டு.

கதையின் விரிவான வடிவத்தை 13ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் ஆறாயிரப்படிக் குருபரம்பரையிற் காண்கின்றோம். துளசி வனத்திற் பெரியாழ்வார் கண்டெடுத்த மகள், இறைவனுக்குரிய மாலையைத் தான் சூடிப் பார்த்தாள். அவ்விறைவனையே மணக்க உறுதி பூண்டாள். அரங்கத்திற்குப் பல்லக்கில் அழைத்துச் செல்லப்பெற்றுத் திருமுன் புகுந்து மறைந்தாள். வில்லிபுத்தூரிற் பிறந்து அரங்கத்தில் முடியும் வழி இது.

இவ்வழி கோதையாரின் பாடல்களில் உண்டா? நாச்சியார் திருமொழி 14 திருமொழிகளும் 143 பாசுரங்களும் உடையது. அதன் பதினோராம் திருமொழி அரங்கத்து இறைவனை நினைந்து வளை கழன்ற நிலையைப் பாடுவது. அங்குப் பயணம் இல்லை. அடுத்துள்ள பன்னிரண்டாம் திருமொழியிலேயே, தன்னைக் கொண்டுபோய் விடுமாறு சுற்றத்தாரை வேண்டுகின்றாள். ஆயின் அவள் விழையும் இடங்கள் வடமதுரை, ஆய்ப்பாடி, யமுனைக் கரை, கோவர்த்தனம், துவாரகை முதலியன. அவற்றுள் அரங்கம் இல்லை! ஒன்றினின்று மணமகனையும் மற்றொன்றினின்று பயணத்தையும் எடுத்து இணைத்தே பிற்காலக் கதை உருப்பெற்றது எனக் கருதுதற்கு இடமுண்டு. அடுத்தடுத்து அமைந்த இரு திருமொழிகளையும் தொடர்ந்து ஓதுவார் செவிக்கு அவ்விணைப்பு இயல்பாகவே தோன்றியிருக்கும்.

திருமுன் புகுந்து மறைதல் என்னும் கூறும் ஆராயத்தக்கது. உறையூர்ச் சோழன் மகள் கமலவல்லி அரங்கனை மணந்து அவனுடன் கலந்தாள் என்பர். குலசேகரர் மகள் சேரகுலவல்லியும் அரங்கனுக்கே மணம் செய்விக்கப்பட்டாள் என்பர். சேர சோழ பாண்டிய நாடுகள் மூன்றும் அரங்கனுக்குப் பெண் கொடுத்தனவாக இக்கதைகள் அமைந்திருத்தல் தற்செயலாகாது. ஆதலின் ஆண்டாள் கதையின் இம்முடிவை அரங்கத்தின் பார்வையில் அமைந்த முடிவு என்றே யாம் கொள்கின்றோம்.

இனி, வில்லிபுத்தூரின் நிலத்தைப் பார்ப்போம். வடபத்திரசாயி கோயிலுக்கும் ஆண்டாள் கோயிலுக்கும் இடையே குழந்தையைக் கண்டெடுத்ததாகக் கூறும் நந்தவனம் உள்ளது. மாலை சூடிய தன் உருவை அவள் நோக்கியதாகக் கூறும் கிணறு ஆண்டாள் கோயிலினுள்ளே காட்டப்படுகின்றது. இவை கதையைப் பின்பற்றி எழுந்த அடையாளங்களாகவும் இருக்கலாம். இவற்றைக் கொண்டு காலம் கணிக்க முற்படுதல் வீண். எம்மை நெடிது நிற்கச் செய்தது கருவறையே. அங்கு ஆண்டாள் தனித்திலள்; அரங்கமன்னாரும் கருடனும் உடன் நிற்கின்றனர். பங்குனி உத்திரத்தில் திருக்கல்யாணம் இவ்வூரிலேயே நிகழ்கின்றது. அரங்கத்தில் மறைந்தவள் இங்கு மணமகளாக நிலைத்திருக்கின்றாள், வந்தவன் மணமகனே.

இவ்வமைப்புக்குப் பாடற்சான்று உளதா எனின், ஆறாம் திருமொழி நினைவுக்கு வரும். தோழிக்குக் கூறும் அக்கனவில், தோரணம் நாட்டிய ஊருக்கு யானைகள் புடைசூழ நம்பியே வருகின்றான். மணமகள் எங்கும் செல்லவில்லை. அரங்கத்துக் கதை பதினொன்றாம், பன்னிரண்டாம் திருமொழிகளைத் தழுவியது போல, வில்லிபுத்தூர் வழிபாடு ஆறாம் திருமொழியைத் தழுவி நிற்கின்றது என்பது எம் துணிபு. பயிலுந்தோறும் யாம் ஓரிழையாகக் கொண்டுவிடும் வரலாறு ஈரிழையாகப் பிரிவதனை ஊரின் கோயிலே காட்டுகின்றது.

இக்கதை தமிழெல்லை கடந்ததும் ஈண்டுக் கருதற்பாலது. 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருட்டிணதேவராயர் ஆமுக்தமால்யதா என்னும் தெலுங்குக் காப்பியத்தை இயற்றினார். சூடிக்கொடுத்தவள் என்பதே அப்பெயரின் பொருள். அது வில்லிபுத்தூரின் வருணனையை விரிவாக உடையது. யாம் புறப்பட்ட இராசபாளையத்திலும் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட இராசுக்கள் தலைமுறைகளாக வாழ்கின்றனர். அவர்தம் குடியேற்றத்தையும் இக்காப்பியத்தையும் நேரே முடிச்சிடுதல் பொருந்தாது. எனினும் கோதையின் கதையை இருமொழியாளரும் தமதெனக் கொள்ளும் நிலம் இது என்பது தெளிவு.

மணமகள் ஊரில் நிற்க, அவள் மாலை மட்டும் இன்றும் பயணம் செய்கின்றது. சித்திரைத் திருவிழாவில் வையை ஆற்றில் இறங்கும் அழகருக்கும், புரட்டாசிப் பிரமோற்சவத்தில் கருடன்மேல் எழுந்தருளும் திருவேங்கடத்தானுக்கும் வில்லிபுத்தூரிலிருந்து அவள் சூடிய மாலை செல்கின்றது. நாச்சியார் திருமொழியில் மேகங்களைத் தூதாக அவள் விடுத்தது வேங்கடத்துக்கே. நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்தது மாலிருஞ்சோலை அழகனுக்கே. குருபரம்பரை காட்டும் பல்லக்கின் வழியினும் இம்மாலையின் வழி அவள் பாடல்களுக்கு அணுக்கமானது.