இரும்புத் தண்டும் ஒளியிழையும்

புதினத்தாளில் வண்ணப் படமொன்று தெளிவாக அமைவதற்கு நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளும் ஒன்றன்மேலொன்று பிசகாது விழுதல் வேண்டும். ஓர் உருளை சிறிது பிந்தினாலும் படத்திலுள்ள முகத்துக்கு இரண்டு மூக்குகள் தோன்றிவிடும்.

இதனைத் தடுக்கப் பழைய அச்சியந்திரங்களில் நீண்டதோர் இரும்புத் தண்டு பொருத்தப்பட்டிருந்தது. உருளைகள் யாவும் பற்சில்லுகளால் அதனோடு பிணைக்கப்பட்டிருந்தன. தண்டு சுழன்றால் அனைத்தும் சுழலும். நின்றால் அனைத்தும் நிற்கும். ஆயினும் நீண்ட தண்டு முறுகும், பற்சில்லுகள் தேயும். எனவே, ஒவ்வோர் உருளைக்கும் தனி மோட்டர் பொருத்துதல் நன்றெனப் பொறியியலாளர் கருதினர். ஆனால் தண்டு போனபின் அவற்றை ஒன்றுபடுத்துவது எது?

அக்காலத்து இயந்திரங்களில் கட்டுப்பாட்டுக் கருவியானது ஒவ்வொரு மோட்டருக்கும் செப்புக் கம்பி வழியே 10 வோல்ற்றுக்கு மேற்படாத மின்னழுத்தத்தால் வேகத்தை உணர்த்திற்று. மோட்டர்கள் எழுப்பும் மின்குழப்பம் அக்கம்பிகளிற் புகுந்து கட்டளையைத் திரித்தது. 1980களில் ஜேர்மனியின் இயந்திரக் கருவி உற்பத்தியாளரும் மின்கருவி உற்பத்தியாளரும் கூடி இதற்கொரு பொது முறையை வகுத்தனர். ‘சேர்கோஸ்’ எனப்பட்ட அம்முறை 1995இல் சர்வதேச நியமமாயிற்று.

ஒளியின் வேகங் கருதியே ஒளியிழையைத் தேர்ந்தனர் என எண்ணுதல் தவறு. தொடக்கத்தில் அதிற் சென்ற செய்தி செக்கனுக்கு 20 இலட்சம் துணுக்குகளே. அதனைச் செப்பும் சுமக்கும். மின்குழப்பம் ஒளியைத் தீண்டாது என்பதே உண்மைக் காரணம்.

பிளாஸ்ரிக் இழையொன்று கட்டுப்பாட்டுக் கருவியிற் புறப்பட்டு, மோட்டர்களின் இயக்கிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, வளையமாகத் திரும்பிவரும். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் சிவப்பொளியாக ஒரு நேரக்குறிப்புச் செல்லும். கட்டளை கிடைத்தவுடன் எந்த இயக்கியும் தன்போக்கில் அதனை நிறைவேற்றாது. குறித்த கணம் வரை காத்திருக்கும். நட்டுவனாரின் தாளத்துக்கு ஆடுவோரெல்லாம் ஒருங்கே அடியெடுத்து வைப்பதை இது ஒக்கும். தாள் செக்கனுக்கு 10 மீற்றர் ஓடுமாயின், ஒரு மில்லி செக்கன் பிந்தினும் மை 10 மில்லிமீற்றர் விலகிவிடும். இம்முறையிலோ வழு ஒரு மைக்குரோ செக்கனளவே; விலகலும் மில்லிமீற்றரில் நூறிலொரு பங்குதான். 1990களிலே தண்டில்லாத அச்சியந்திரங்கள் பெருகியமைக்கு இத்தகைய நுட்பமே வழிசெய்தது.

குறையும் இருந்தது. வளையம் ஓரிடத்தில் அறுந்தால் இயந்திரம் முழுவதும் நின்றுவிடும். 2005ஆம் ஆண்டளவில் வந்த மூன்றாந் தலைமுறை, ஈதர்நெற் முறையைத் தழுவிச் செப்புக் கம்பியையும் மீண்டும் ஏற்றுக்கொண்டது. அதன் வளையத்திற் செய்தி இரு திசையிலும் ஓடுவதால், ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கமாக வந்துசேரும்.