குரோமியம்: மூவிணைதிறமும் அறுவிணைதிறமும்

ஏலகிரி மலைக்குக் கீழே வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டி நீளும் பகுதியில் தோல் பதனிடப் பெரிதும் பயன்படுவது குரோமியம் சல்பேட் உப்பாகும். குரோமியம் நஞ்சா என்று இப்பகுதி மக்கள் வினவுவது இயல்பே. அது எத்தனை எலக்ட்ரான்களை இழந்துள்ளது என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

சோடியம் ஓர் எலக்ட்ரானை இழப்பதோடு நின்றுவிடும். குரோமியம் போன்ற இடைநிலை உலோகங்களில் வெளிக்கூட்டு எலக்ட்ரானுக்கும் அதற்கு உள்ளே டி-நிலையில் உள்ளவற்றுக்கும் ஆற்றல் வேறுபாடு குறைவு. எனவே இழப்பின் எண்ணிக்கை மாறும். குரோமியத்தில் முதலில் வெளிக்கூட்டின் 1 எலக்ட்ரான் நீங்கும். உள்ளே உள்ள 5-இல் மேலும் 2 நீங்கினால் அது மூவிணைதிறக் குரோமியம். ஆறையும் இழந்த நிலை அறுவிணைதிறக் குரோமியம். (உண்மையில் அந்த ஆறும் ஆக்சிஜனுடன் பகிரப்படுகின்றன, வேதியியல் கணக்கில் அவை இழப்பே.)

பதனிட்ட தோலில் இருப்பது மூவிணைதிற வகை. அது உயிரணுவுக்குள் எளிதில் நுழைவதில்லை. அறுவிணைதிறக் குரோமேட்டோ வடிவில் சல்பேட்டை ஒத்திருப்பதால் அதற்கான வழியிலேயே உள்ளே செல்கிறது. அங்கு எலக்ட்ரான்களைத் திரும்பப் பெற்று மூவிணைதிறமாக மாறும்போதுதான் மரபணுப் பொருள் சேதமடைகிறது. நுரையீரல் புற்றுநோய், ஆறாத தோல் புண்கள், மூக்கின் இடைச்சுவரில் துளை ஆகியன இதன் விளைவுகள்.

மூவிணைதிறம் அறுவிணைதிறமாக மாறுவதற்கு வெப்பமும் காற்றும் காரமும் துணைபுரியும். இராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை, குரோமியத் தாதுவைச் சோடா உப்புடன் காற்றில் வறுத்து இம்மாற்றத்தையே தொழிலாகச் செய்தது. அங்குக் குவிந்த கழிவிலிருந்து அறுவிணைதிறக் குரோமியம் நிலத்தடி நீரில் கசிந்தது. வீட்டளவிலும் இது நிகழக்கூடும். தோல் துண்டுகளையும் சீவல் தூளையும் எரித்தால் சாம்பலில் அறுவிணைதிறக் குரோமியம் உருவாகலாம். எனவே அவற்றை அடுப்பெரிக்கவோ குளிர்காயவோ பயன்படுத்தக் கூடாது. சாம்பலை எருவாக இடவும் கூடாது.

குடிநீரில் இந்தியத் தர வரம்பு, மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். நீர் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியும் முன்பே இவ்வரம்பு கடந்திருக்கும். காய்ச்சுவதால் குரோமியம் நீங்காது; நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பரிசோதிக்கலாம். புண் ஆறாதிருந்தாலோ மூக்கில் அடிக்கடி இரத்தம் வந்தாலோ அரசு மருத்துவமனையை அணுகி, எந்தப் பிரிவில் வேலை செய்கிறீர்கள் என்பதையும் மருத்துவரிடம் தெரிவிக்கவும்.