கார் பாலிஷ் இயந்திரம்: கரிசல் வட்டாரத்தில் தேர்வும் பயன்பாடும்

கார் பெயிண்டில் விழுந்த நுண்கீறல், நீர்க்கறை, வெயிலால் வந்த மங்கல் ஆகியவற்றைத் தேய்த்து நீக்கும் மின்கருவி பாலிஷ் இயந்திரம். பட்டறைகளில் இதை ‘பஃபிங் மெஷின்’ என்றும், இதனால் செய்யும் வேலையை ‘ரப்பிங்’ என்றும் சொல்வார்கள். பளபளப்பு என்பது மேலே பூசப்படுவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இயந்திரம் பூச்சின் மேற்பரப்பைச் சிறிதளவு சீவி எடுத்துத்தான் சமப்படுத்துகிறது. எடுத்தது திரும்ப வராது. அதனால் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் காரில் எவ்வளவு பூச்சு மிச்சமிருக்கிறது, அது எதனால் கெட்டது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் பக்கம் ஓடும் பெரும்பாலான கார்களுக்கு வலுவான இயந்திரம் தேவைப்படுவதில்லை.

கரிசலில் பூச்சு கெடும் விதம்

கரிசல் மண்ணின் களி மிருதுவானது. அதிலுள்ள மான்ட்மொரில்லோனைட் என்னும் கனிமம் நகம் பட்டாலே மசியும். கீறலைப் போடுவது அதோடு கலந்து பறக்கும் குவார்ட்ஸ் மணல். கயத்தாறுப் பக்கம் காற்றாலைகள் விடாமல் சுழலும் ஆனி, ஆடி மாதங்களில் வெளியே நிறுத்திய காரின்மேல் ஒரே இரவில் புழுதி படிந்துவிடும். காலையில் எழுந்ததும் ஓட்டுநர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வட்ட வட்டமாகத் துடைப்பார். கேடு தொடங்குவது அந்தத் துடைப்பில்தான். கறுப்புக் காரை இரவில் தெருவிளக்கின்கீழ் நிறுத்தி பானெட்டைப் பார்த்தால், விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோலக் கீறல்கள் தெரியும். இவை ஆழமில்லாதவை, எளிதில் போகக்கூடியவை.

இன்னொரு கேடு தண்ணீரால் வருவது. கோவில்பட்டிக்குக் குடிநீர் சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீராக வருகிறது. அதைக் கார் கழுவச் செலவழிக்க யாருக்கும் மனம் வராது. கழுவுவது போர்த் தண்ணீரில். சுட்ட பானெட்டில் அது காய்ந்ததும் சுண்ணாம்பு வெள்ளை வளையமாகப் படிகிறது. புதிய கறையைத் தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்து உடனே கழுவினால் போய்விடும், இயந்திரம் வேண்டாம். மாதக்கணக்கில் விட்டால் பூச்சையே அரித்துக் குழியாக்கும். காக்கை எச்சமும் அப்படித்தான், ஆனால் அதைவிட வேகம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒட்டும் கரிசல் சேறு காய்ந்து சுருங்கிக் கெட்டிப்படும். அதை ஊறவைத்துப் பிரஷர் பம்ப்பால் அடித்து இறக்காமல் பாலிஷ் வேலையைத் தொடங்கவே கூடாது. கழுவிய பிறகும் உள்ளங்கைக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால், ஜப்பானில் உருவான ‘கிளே பார்’ என்னும் களிக்கட்டியால், சோப்பு நீர் தெளித்து மெல்லத் தேய்த்து எடுக்க வேண்டும். கட்டி தரையில் விழுந்தால் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

பூச்சின் தடிமன்

ஆலையிலிருந்து வரும் காரில் பிரைமர், நிறம், அதன்மேல் நிறமற்ற ‘கிளியர் கோட்’ எல்லாம் சேர்ந்து சுமார் 100 முதல் 140 மைக்ரான் வரை இருக்கும். கிளியர் கோட்டின் பங்கு பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். செய்தித்தாள் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை வைத்து இதை ஊகித்துக்கொள்ளலாம். காரின் ஆயுள் முழுவதற்கும் சேர்த்து 7, 8 மைக்ரானுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பரவலான வழிகாட்டல். இயந்திரத்தில் மாட்டும் கம்பளிப் பேடும், அதில் தடவும் ‘கம்பவுண்ட்’ என்னும் தேய்ப்புப் பசையில் முரட்டு வகையும் சேர்ந்தால் ஒரே சுற்றில் இதில் பாதி போய்விடும்.

தடிமன் காட்டும் மீட்டர் பழைய கார் வாங்கும்போதும் உதவும்: கதவில் 300, 400 மைக்ரான் என்று காட்டினால் மறுபடி பெயிண்ட் அடித்திருக்கலாம், உள்ளே பட்டியும் இருக்கலாம். சாதாரண மீட்டர் உலோகத்தின்மேல் மட்டுமே வேலை செய்யும், பிளாஸ்டிக் பம்பரில் எதுவும் காட்டாது. 2014இல் உற்பத்தி நின்ற அம்பாசடரின் பழைய வண்டிகள் போன்றவற்றில் கிளியர் கோட் இல்லாமல் நிறமே மேலடுக்காக இருக்கும். அத்தகைய வண்டியில் பேடில் காரின் நிறம் ஏறினால் பயப்பட வேண்டியதில்லை.

இயந்திர வகைகள்

பட்டறைகளில் நெடுங்காலமாக இருப்பது ரோட்டரி. ஒரே அச்சில், நிமிடத்துக்குச் சுமார் 600 முதல் 3,000 சுற்று வரை சுழலும். ஒரே இடத்தில் சூடு ஏற்றும். பானெட்டில் மடிப்பு ஓடும் இடத்திலும் கதவின் விளிம்பிலும் பூச்சு இயல்பாகவே மெலிந்திருக்கும். அங்கே ஓரிரு நொடி நின்றாலே பிரைமர் பல்லிளிக்கும். பழகாத கையில் வெயிலில் மட்டும் தெரியும் வளைவுக் கோடுகளையும் விட்டுவைக்கும். புது பெயிண்ட் அடித்து 2,000 நம்பர் வாட்டர் பேப்பர் போட்ட இடத்தை மெருகேற்ற ரோட்டரிக்கு இணையில்லை. மற்றபடி சொந்தக் காருக்கு அதை வாங்குவது வீண் துணிச்சல்.

இரட்டை இயக்கம் கொண்ட ‘டூயல் ஆக்‌ஷன்’ இயந்திரத்தில் பேட் தானும் சுழன்று வட்டமாகவும் ஆடுகிறது. அழுத்தம் கூடினால் சுழற்சி நின்றுவிடும். பூச்சைக் காப்பாற்றுவது அதுவே. நின்றதைக் கண்டுபிடிக்க, பேடைத் தாங்கும் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வைப்பார்கள்: கோடு சுற்றினால் வேலை நடக்கிறது, அதிர்ந்துகொண்டு மட்டும் நின்றால் கையைத் தளர்த்த வேண்டும். ஆட்டத்தின் அகலம் முன்பு பெரும்பாலும் 8 மில்லிமீட்டர். இத்தாலியின் ரூப்பஸ் நிறுவனம் 2010களில் 15, 21 மில்லிமீட்டர் இயந்திரங்களைப் பரவலாக்கியது. 21 மில்லிமீட்டர் அகன்ற கூரைக்கும் பானெட்டுக்கும் ஏற்றது, வளைவுகளில் தடுமாறும். ஒன்றே ஒன்று வாங்குவதானால் 15 மில்லிமீட்டர் ஆட்டமும் 5 அங்குலப் பேடும் போதும். கதவுக் கைப்பிடியைச் சுற்றியும் கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள தூண்களிலும் வேலை செய்ய 3 அங்குலப் பேட் தனியாக வேண்டும். பல்சக்கரத்தால் கட்டாயமாகச் சுழலும் மூன்றாவது வகையும் உண்டு. ஜெர்மனியின் ஃபிளெக்ஸ் அதற்குப் பேர்போனது.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் இயந்திரம் 120 வோல்ட்டுக்கானது, நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருகிவிடும். ரோட்டரியாக இருந்தால் அதன் மரையும் பெரும்பாலும் அங்குல அளவு, இங்கே கிடைக்கும் எம்14 பிளேட் ஏறாது. வளைகுடாவிலிருந்து வந்தால் மின்னழுத்தத்தில் பெரும்பாலும் சிக்கலில்லை.

பேட், கம்பவுண்ட், துணி

செலவை இயந்திரத்தில் குறைத்துப் பேடிலும் துணியிலும் கூட்டுவதே புத்திசாலித்தனம். கம்பளி முரடு, மைக்ரோஃபைபர் அதற்கடுத்தது, ஃபோம் மென்மை. ஃபோமின் நிறத்தை நம்பக் கூடாது, ஒரு நிறுவனத்தின் ஆரஞ்சு இன்னொன்றின் ஆரஞ்சு அல்ல. ஒரு காருக்கு ஒரே பேட் போதாது. கம்பவுண்டும் பூச்சுத் தூளும் ஏறி நனைந்த பேட் வெட்டாது, சூடாகும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, இரண்டு மூன்று பகுதிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

கம்பவுண்டில் அலுமினியம் ஆக்ஸைடுத் துகள் இருக்கும். மெக்வயர்ஸ் (1901இல் தொடங்கியது, 2008இல் 3எம் வாங்கியது), ஜெர்மனியின் மென்செர்னா ஆகியவை முரடு முதல் நைஸ் வரை தருகின்றன. தகரடப்பாவில் கெட்டிப் பசையாக விற்கும் ரப்பிங் கம்பவுண்ட் புது பெயிண்டைச் சமப்படுத்த ஆனது, சிலந்திக் கீறலுக்கு அது மிகை. இருப்பதிலேயே மென்மையான ஜோடியால் இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் சோதித்து, போதாவிட்டால் மட்டும் ஒரு படி ஏறுவது முறை.

துடைக்கப் பட்டறையில் கிடக்கும் பனியன் வேஸ்ட் ஆகாது. அதன் தையல் ஓரமே புதுக் கீறல் போடும். ஓரத்தையல் இல்லாத மைக்ரோஃபைபர் துணி ஒரு டஜனாவது வேண்டும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டாவிட்டால் கம்பவுண்ட் காய்ந்து வெள்ளையாக நின்றுவிடும்.

இடமும் காலமும்

சித்திரை வெயிலில் கம்பவுண்ட் வேலை தொடங்குமுன் காய்ந்து தூளாகும். விடியற்காலையில், காற்று புகாத கூரையின்கீழ் செய்ய வேண்டும். மூடிக் கிடக்கும் பழைய தீப்பெட்டி ஆபீஸ் ஷெட் கிடைத்தால் இதற்கு வசதி. தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிட்டால் பேடில் மணல் ஏறாது. தோதான மாதங்கள் மார்கழியும் தையும்.

வேலை முடிந்தபின் வேக்ஸோ செராமிக் கோட்டிங்கோ போடலாம். கார்னோபா வேக்ஸ் இங்குள்ள வெயிலில் சில வாரம் நிற்கும். செராமிக் வருடக் கணக்கில் நிற்கலாம், ஆனால் காய்ந்த துண்டால் துடைப்பதில் விழும் கீறலையும் போர்த் தண்ணீர்க் கறையையும் அது தடுப்பதில்லை. கூரையில் கிளியர் கோட் தோல் உரிந்தாற்போலப் பெயர்ந்துவிட்ட காருக்கு எந்த இயந்திரமும் பயன்படாது. அந்தப் பகுதியைத் தேய்த்து மறுபடி ஸ்ப்ரே அடிக்க வேண்டும், அது டிங்கரிங் பெயிண்டிங் பட்டறையின் வேலை.