குடும்ப வழக்கில் சாட்சியம் அளித்தல்

மணமுறிவு, ஜீவனாம்சம், குழந்தைப் பொறுப்பு ஆகிய வழக்குகளில் கணவன், மனைவி, அவர்கள் தரப்புச் சாட்சிகள் ஆகியோர் தமக்குத் தெரிந்ததை நீதிமன்றத்தில் பதிவு செய்யும் நடைமுறை இது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் தனிக் குடும்ப நீதிமன்றம் அமைப்பதை 1984-ஆம் ஆண்டுச் சட்டம் மாநில அரசின் கடமையாக்கியது. பிற இடங்களில் தேவைக்கேற்ப அமைக்கலாம் என்றது. கடலூர் மாவட்டத்தின் குடும்ப நீதிமன்றம் மாவட்டத் தலைநகரில் உள்ளது. விருத்தாசலம் வட்டாரத்தின் இந்து திருமணச் சட்ட மனுக்கள் அவ்வூர்ச் சார்பு நீதிமன்றத்தில் நடந்து வந்துள்ளன. வழக்கு எங்கே நடந்தாலும், சாட்சிக்கான தயாரிப்பின் பெரும்பகுதி நடந்ததைத் தேதிவாரியாக, தாள்களோடு அடுக்கி வைப்பதில்தான் இருக்கிறது.

விருத்தாசலம் போன்ற பீங்கான் தொழில் ஊரில் இந்தத் தேவை இன்னும் கூடுகிறது. அகல் விளக்கு, பொம்மை, மின்சார ஃபியூஸ் உறுப்பு ஆகியவற்றைச் செய்யும் சிறு பட்டறைகளில் கூலி ரொக்கமாகக் கைமாறினால், சம்பளச் சீட்டு என்று ஒன்று இருக்காது. ஜீவனாம்ச வழக்கில் வருமானத்தைக் கூட்டிச் சொல்வதும் குறைத்துச் சொல்வதும் அப்போது எளிது. இதைக் கட்டுப்படுத்தவே, 2020 நவம்பர் 4-ஆம் தேதித் தீர்ப்பில், ஜீவனாம்சம் கோருபவரும் எதிர்ப்பவரும் சொத்து, கடன், வருமானம், செலவு விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வங்கிப் பாஸ்புக், பள்ளிக் கட்டண ரசீது, வீட்டு வாடகைச் சீட்டு, மருந்துக் கடை பில், நகைக் கடன் அட்டை எல்லாம் இங்கே பேசும். சம்பளச் சீட்டு இல்லாத இடத்தில் செலவுத் தாள்களே வருமானத்தை மறைமுகமாகக் காட்டிக்கொடுக்கும்.

இன்றைய உரிமையியல் நடைமுறையில் முதல் விசாரணை பெரும்பாலும் எழுத்து வடிவ வாக்குமூலமாகவே முடிந்துவிடுகிறது. சாட்சி கூண்டில் உண்மையில் எதிர்கொள்வது குறுக்கு விசாரணையைத்தான். தமிழில் பதிவாகும் சாட்சியத்தில் கேள்வி தனியாக எழுதப்படுவது குறைவு. “நான் வாரக் கூலி வாங்குகிறேன் என்றால் சரிதான், மாதம் முப்பதாயிரம் சம்பாதிக்கிறேன் என்றால் சரியல்ல” என்று, எதிர்த்தரப்பு வக்கீலின் வாக்கியமே சாட்சியின் வாய்மொழியாக ஏறும். இரண்டு செய்திகளை ஒரே கேள்வியில் கோத்துக் கேட்டு, சாட்சி அவசரத்தில் “சரிதான்” என்றால், இரண்டுக்கும் அவர் பொறுப்பாளி. ஆகவே கேள்வியைப் பிரித்துக் கேட்கச் சொல்வதும், தெரியாததைத் தெரியாது என்பதும், பதிவானதைப் படித்துப் பார்த்தே கையெழுத்திடுவதும் சாட்சி பழகிக்கொள்ள வேண்டியவை. மனுவில் உள்ள தேதிகளைத் தானே ஒருமுறை சரிபார்க்காதவர் குறுக்கு விசாரணையில் முதலில் தடுமாறுவது அங்கேதான்.

குடும்ப நீதிமன்றத்தில் சாட்சிய விதிகள் தளர்வானவை, இவ்வளவு சிரத்தை எதற்கு என்ற வாதம் உண்டு. 1984 சட்டத்தின் 14-ஆம் பிரிவு, சாட்சியச் சட்டப்படி ஏற்கத்தகாத ஆவணத்தையும் தகராறைத் தீர்க்க உதவுமென்றால் பெற அனுமதிப்பது உண்மையே. ஆனால் அச்சலுகை குடும்ப நீதிமன்றத்துக்கு உரியது. சார்பு நீதிமன்றத்தில் வழக்கு நடத்துபவர் அதை நம்பி இருக்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு, வாட்ஸ்அப் செய்தி, ஒலிப்பதிவு போன்றவற்றின் நகலுக்குச் சான்றிதழ் கேட்கிறது. கணவன் மனைவிக்கிடையே ரகசியமாகப் பதிவான உரையாடலையும் அவர்களுக்கிடையேயான வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஏற்பது வேறு, நம்புவது வேறு. முன்பின் துண்டித்த பதிவுக்கு எடை குறைவு. அசல் கைபேசியைப் பத்திரமாக வைத்திருப்பது அதனால்தான் அவசியம்.

தயாரிப்பு என்பதே சாட்சிக்குச் சொல்லிக் கொடுப்பதுதானே என்ற மறுப்பு இன்னும் கனமானது. நினைவைச் சீர்படுத்துவதற்கும் நினைவில் இல்லாததைப் புகுத்துவதற்கும் நடுவே கோடு உண்டு. தன் மனுவையும் ஆவணங்களையும் மீண்டும் படிப்பது முதல் வகை. அண்ணனும் மாமாவும் ஒரே வாக்கியத்தை ஒப்பிப்பது இரண்டாவது. ஒரே அச்சில் வார்த்த பதில்கள் குறுக்கு விசாரணையில் சீக்கிரம் உடைந்து, உண்மையான பகுதியின் நம்பகத்தையும் கெடுத்துவிடும். குழந்தை விஷயத்தில் இது இரட்டிப்பு உண்மை. விவரம் அறிந்த வயதுக் குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் கருதலாம் என்கிறது 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. பெரியவர்கள் ஊட்டிய விருப்பம் அந்த வாய்ப்பையே வீணாக்கும்.

வாய்தாவுக்கு வராமல் போனால் இத்தனை தயாரிப்பும் பயனற்றது. எதிர்மனுதாரர் ஆஜராகாவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு வரலாம். அதை நீக்கக் கோரும் மனுவுக்குப் பொதுவான கால வரம்பு 30 நாள். இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு விசாரணையை மூடிய அறையில் நடத்தச் சொல்வதால், ஊர் பேசும் என்ற பயத்தில் ஒதுங்க வேண்டியதில்லை. வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்கள், வருமான வரம்பு எதுவுமின்றி, 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச உதவி பெறலாம். 15100 என்ற எண்ணிலும் வழிகாட்டுதல் கேட்கலாம்.