வெக்கை நோயும் துப்பாக்கியும்: 1896-ல் மாடு வைத்திருந்தவர்கள் ஏன் எதிர்த்தார்கள்?

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். உங்க வீட்ல பத்து மாடு இருக்கு. பத்தும் நல்லா மேயுது. பக்கத்து ஊர்ல ஏதோ நோய்னு கேள்வி. திடீர்னு போலீஸ் வந்து, "நோய் பரவக் கூடாது, அதனால பத்தையும் சுடப்போறோம்"னு சொன்னா என்ன செய்வீங்க?

1896-ல் தெற்கு ஆப்பிரிக்காவில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் முன்னால் இந்தக் கேள்வி வந்து நின்றது. நோயின் பெயர் ரிண்டர்பெஸ்ட். நம்ம ஊர்ல வெக்கை நோய்னு சொல்வாங்க. மனிதருக்கு வரும் தட்டம்மை வைரஸின் நெருங்கிய சொந்தக்காரன் இது. காய்ச்சல், வாயில் புண், நிற்காத கழிச்சல், ஒரு வாரம் பத்து நாளில் சாவு. இதற்கு முன் இந்த நோயைப் பார்க்காத மந்தைக்குள் நுழைந்தால் பத்தில் எட்டு, ஒன்பது போய்விடும்.

1880-களின் இறுதியில் இத்தாலியப் படைக்காகச் செங்கடல் கரையின் மசாவா துறைமுகத்தில் இறக்கிய மாடுகளோடு இது வந்தது என்பது பரவலான கருத்து. அந்த மாடுகள் இந்தியாவிலிருந்து போனவை என்றும் சொல்கிறார்கள். அங்கிருந்து தெற்கே நகர்ந்து, 1896 தொடக்கத்தில் சாம்பேசி ஆற்றைத் தாண்டி, மார்ச்சில் புலவாயோ வந்து சேர்ந்தது. அப்போ அந்தப் பக்கம் சரக்கு லாரி எல்லாம் மாட்டு வண்டிதான். மாஃபெகிங்–புலவாயோ பாதை நெடுக வண்டிகள் சரக்கோடு அப்படியே நின்றுபோயின.

அரசுகள் கையில் எடுத்தது ஐரோப்பியப் பாடம்: நோய் கண்ட மந்தையைச் சுடு, நடமாட்டத்தை நிறுத்து, வேலி போடு. இங்கிலாந்தில் 1866-ல் இது வேலை செய்தது உண்மைதான். ஆனா அங்கே வெட்டிய மாட்டுக்கு நஷ்ட ஈடு தரச் சட்டத்திலேயே இடம் இருந்தது. நோயைச் சுமந்துபோகக் காட்டெருமைக் கூட்டமும் அங்கே இல்லை.

இப்போ இந்தெபெலே மக்கள் இடத்திலிருந்து பாருங்க. 1893 போரில் தோற்றதும் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கா கம்பெனி அவர்களுடைய மாடுகளைப் பெருமளவில் பறித்துக்கொண்டது. மூணே வருஷம். மிச்சம் இருந்ததைச் சுட அதே கம்பெனியின் ஆட்கள் வருகிறார்கள். 'நோயைக் கொண்டுவந்ததே வெள்ளைக்காரன்தான்'னு வதந்தி கிளம்பியதில் ஆச்சரியம் இருக்கா? அந்த மார்ச்சில் வெடித்த கலகத்துக்குக் காரணங்கள் பல. மாடு சுட்டது அதில் ஒன்று.

அதிகாரிகள் இதற்கெல்லாம் 'அறியாமை'ன்னு பெயர் வைத்தார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. ஏன்னா பைபிளும் கையுமாக இருந்த போயர் விவசாயிகளும் எதிர்த்தார்கள். இது கடவுள் தந்த தண்டனை, சுட்டுத் தடுக்க நாம் யார் என்றார்கள் பலர். தவிர, எளிமையான ஒரு கணக்கும் இருந்தது. சுட்டால் பத்தும் போகும். விட்டால் ஒண்ணு ரெண்டு பிழைக்கும், பிழைத்த மாட்டுக்கு அந்த நோய் திரும்ப வராது. மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்று பொருள் வைத்த மொழிக்காரர்கள் நாம. உழவு, பால், கல்யாணத்துக்குப் பெண் வீட்டாருக்குத் தரும் லோபோலா என்று அங்கே எல்லாமே மாடுதான். அந்த ஒண்ணு ரெண்டில்தான் அடுத்த தலைமுறை மந்தை இருக்கு.

1896 டிசம்பரில் கேப் அரசின் அழைப்பில் ராபர்ட் காக் கிம்பர்லி வந்தார். ஆமா, காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த அதே காக். நோயில் இறந்த மாட்டின் பித்தநீரை எடுத்து, நல்ல மாட்டுக்கு 10 மில்லி ஊசி போடும் முறையை 1897 பிப்ரவரியில் அறிவித்தார். பல மாடுகள் பிழைத்தன. சில அந்த ஊசியாலேயே நோய் வந்து செத்தன. நேற்றுவரை துப்பாக்கியோடு வந்தவன் இன்னைக்கு ஊசியோடு வந்தால், தொழுவத்தைத் திறந்துவிட மனசு வருமா?

காக் வந்த அதே டிசம்பர். கிம்பர்லிக்கு வடக்கே பொக்வானியில், ரிசர்வ் எல்லையைத் தாண்டி மேய்ந்த மாடுகளைப் போலீஸ் சுட்டது. அவை த்லாபிங் தலைவர் கலெஷெவேயின் மக்களுடையவை. மோதல் மூண்டு, லாங்கெபெர்க் மலைக்குப் பரவி, 1897 ஜூலை வரை நீடித்தது. இன்னொரு தலைவர் லூக்கா ஜான்ட்ஜி சுட்டுக் கொல்லப்பட்டார், அவர் தலையை வெட்டி எடுத்தார்கள். நிலம் பறிபோனது. பிடிபட்ட ஆண், பெண், குழந்தைகளைக் கேப் பண்ணைகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பினார்கள். மாட்டு நோய்த் தடுப்பில் தொடங்கிய கதை இது. இன்னைக்குக் கிம்பர்லியில் ஒரு பெரிய குடியிருப்புப் பகுதிக்குக் கலெஷெவே பெயர்தான்.

நூறு வருஷம் தாண்டி வரலாம். வால்டர் ப்ளோரைட் கென்யாவில் உருவாக்கிய தடுப்பூசி நல்ல மருந்து, ஆனா குளிர்ச்சி கெடாம வைக்கணும். சாலையே இல்லாத மேய்ச்சல் நிலத்துக்கு ஐஸ் பெட்டி எப்படிப் போகும்? 1990-களில் வெப்பம் தாங்கும் வடிவம் வந்தது. எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியிலும் தெற்கு சூடானிலும் மேய்ப்பர்களே தங்களுக்குள் ஆள் தேர்ந்தெடுத்து ஊசி போடப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எந்த மந்தை எங்கே போகும், எந்த மாட்டுக்கு ஏற்கனவே நோய் வந்து போனது, எல்லாம் அவர்களுக்குத் தெரியும். சிறப்புப் பட்டம் எதுவும் தேவைப்படவில்லை. இந்தியாவில் கடைசியாக நோய் தென்பட்டது 1995-ல், நம்ம வடஆற்காடு பக்கம். 2011-ல் உலகத்திலேயே இந்த நோய் இல்லை என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதர்கள் ஒழித்த இரண்டாவது நோய் இதுதான்.